கறுப்பு உறைக்குள் இருந்த மருந்து

தைமி ராந்தலா எதையும் சட்டென்று நம்பிவிடுகிறவள் அல்ல. கனடாவின் தண்டர் பே நகரில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பிரேக் சரியாக இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்தாலும், பனியில் தானே குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்த மூன்று வருஷமும் அவளுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று ஒருநாள் நிறுத்தினார்கள். பிறகு தங்கை இர்யா தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தாள். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இரண்டாம் வருஷம் நாலு படி ஏறினாலே தைமிக்கு மூச்சு வாங்கியது.

"இரும்புச்சத்து கம்மியா இருக்கும்மா," என்றார் டாக்டர் பெல்லமி.

"அன்னைக்கு ஜாஸ்தின்னீங்க, இன்னைக்கு கம்மியா? எங்க போச்சு, ஆவியாயிடுச்சா?"

கூடினால் அடிபட்ட சிறுநீரகத்தை இரும்பே மேலும் கெடுக்கலாம், குறைந்தால் உடம்பு துவண்டுபோகும் என்றார் டாக்டர். மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு ஏற்றினால் பலன் உண்டா என்று பார்க்க ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு இரும்பு, மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது; ஏற்றுகிற நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அதுதான் தைமியை உறுத்தியது. வெளியே நின்று சந்தேகப்படுவதைவிட உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

இரும்பு மருந்து காப்பி நிறம். பார்த்தால் தெரிந்துவிடும் என்று மருந்துப் பைக்கும் குழாய்க்கும் கறுப்பு உறை போட்டு, கைக்கு முன்னால் திரையும் கட்டினார்கள். தைமி பவுடர் டப்பாவின் கண்ணாடியைத் திரைக்குப் பின்னால் நீட்டினாள். நர்ஸ் கிளாரிஸ் அதைப் பட்டென்று மூடினாள்.

"பவுடர் போட வந்தீங்களா, வேவு பார்க்க வந்தீங்களா?"

"கலரை மட்டும் சொல்லும்மா. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"சொன்னா என் வேலை போயிடும்."

இரும்பு கசிந்தால் தோலில் கறை படியும் என்று கேள்விப்பட்டிருந்தாள்; ஊசி எடுத்த இடத்தில் கறை இல்லை. களைப்பும் போகவில்லை. உப்புத் தண்ணீர்தான் என்று தைமி முடிவுகட்டி, மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கித் தினம் இரண்டு விழுங்கினாள். சந்தேகம் அதோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை, நீராவிக் குளியல் முடிந்து இர்யா வீட்டில் காப்பி குடிக்கும்போது கேட்டேவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுடி. ரெண்டுல சோப்ளாங்கியா இருந்ததைத்தானே என்கிட்ட தள்ளிவிட்ட?"

"ஆமாக்கா, உள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் கொடுத்தேன்!"

தைமி பேச்சை மாற்ற மாத்திரையை எடுத்தாள். இர்யா டப்பாவைப் பிடுங்கிப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"டாக்டருக்குத் தெரியுமா இது? உன் உடம்பு உன் இஷ்டம். ஆனா அது என் கிட்னி, அக்கா. திங்கட்கிழமை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

தைமியே சொன்னாள். ரத்தத்தில் இரும்பு எல்லை தாண்டியிருந்தது. யாருக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த கவர்களில் அவளுடையதை டாக்டர் பிரித்தார். முதல் நாளிலிருந்தே அவளுக்கு ஏறியது இரும்புதான்.

"இந்தக் கவரை யாரு ஒட்டினது?" என்று கேட்டுவிட்டு, தைமி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆய்விலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பு இறங்க நாலு மாதம் பிடித்தது. களைப்பு எதனால் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பனி உருகும் சமயத்தில் மெல்லக் குறைந்தது.

மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், தைமி ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். இர்யா ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்து பார்த்தாள்.

"இதுல என்னக்கா கலந்திருக்க?"