அந்தரத்துக்கு ஓர் எண்

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு தம்பி கொழும்பிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தான். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவன். காங்கேசன்துறையில் இறங்கி, யாரோ கொடுத்த பெரிய சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பஸ் மாறி மாறித் தீவிலிருக்கிற சுருவிலுக்கு வந்து எங்கள் படலையைத் திறந்தான். அதுவரை அவன் உயிரோடு இருக்கிறானா என்றே எங்களுக்குத் தெரியாது. அம்மா அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தா.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

அவ்வளவுதான். அங்கே என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திரும்பவும் படிக்க வரச்சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. "எனக்கு ஏலாது, அக்கா" என்றான் என்னிடம். பிறகு கடற்கரைக்குப் போவான், வருவான், படுப்பான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால், தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஒரு வீட்டுக்குள் நுழைவதுபோல இருக்கும்.

அடுத்த வருடம் லண்டனில் இருந்து மாமா லீவில் வந்தார். தம்பிக்கென்று ஒரு சின்னக் கொம்பியூட்டர் கொண்டுவந்தார். விசைப்பலகை மட்டும்தான் அது. ரீவியோடு பொருத்த வேண்டும். எழுதியதைச் சேமித்துவைப்பது பாட்டுக் கேட்கிற கசற்றில். அந்தக் கசற்றைப் போட்டுக் கேட்டால் ஆயிரம் சில்வண்டுகள் ஒன்றாகக் கத்துவதுபோல ஒரு சத்தம். மாமா போனபிறகு அது சில கிழமை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வர, முன்னறை யன்னல்களைச் சாத்திவிட்டு, ரீவியின் வெளிச்சம் முகத்தில் பட அதன் முன் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இஞ்சை வாங்கோ. இண்டைக்கு உங்கடை வகுப்பிலை எத்தினை பேர் வரேல்லை?"

"ஏன்?"

"என்ன வருத்தம் எண்டு சொன்னவை? அவை சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

ஒருத்தனுக்குக் கூகைக்கட்டு, ஒருத்திக்குத் தடிமன், இன்னொருத்திக்கு அம்மாள் வருத்தம் என்றேன். அவன் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டினான். அந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நோயாளி ஒரு சொல்லைச் சொல்லுவார், டொக்டர் வேறொரு சொல்லை எழுதுவார், புத்தகத்தில் மூன்றாவது சொல் இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று ஒருவராவது சொல்லி வைக்க வேண்டாமா? அதுதான் அவனுடைய யோசனை. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த எண்ணுக்குத்தான் போய்ச் சேரவேண்டும். "பொக்குளிப்பான்" என்று அடித்தாலும், "அம்மாள் வருத்தம்" என்று அடித்தாலும், வாயில் நுழையாத லத்தீன் பெயரை அடித்தாலும் திரையில் ஒரே எண்தான் வந்து நின்றது. எனக்கு அது மந்திரம்போல இருந்தது. தூர தூர இருந்த சொந்தக்காரர் ஒரு வீட்டுக்குள் வந்து சேர்வதைப் பார்ப்பதுபோல.

ஆனால் இயந்திரம் பொல்லாதது. நான் காய்ச்சலுக்கு ஒரு எழுத்தைக் கூட்டி அடித்தால், அது வேறு காய்ச்சல் என்று நினைத்துவிடும். ழகரத்தை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு பின்னேரம் முழுக்க இருவரும் வாதாடினோம். வெளியே சோளகக் காற்றுப் பனையோலைகளை அடித்துக்கொண்டிருந்தது. யன்னல் இடுக்கால் மெல்லிய மணல் வந்து விசைகளின் மேல் படிந்தது. தம்பி அதை ஊதி ஊதித் தட்டினான். தொய்வு, செங்கமாரி, சின்னமுத்து, குக்கல். கேட்டுக்கேட்டுப் பழகிய சொற்கள், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாய் ஒவ்வொன்றாய் மிதந்து வரும்போது, வருத்தங்களைப்போல இருக்கவில்லை. கனவில் கண்ட ஊர்களின் பெயர்களைப்போல இருந்தன. சில நாள் மின்சாரம் தளர்ந்து திரை சுருங்கும். எழுத்துகள் நடுவில் ஒரு புள்ளியாய்ப் போய் மறையும். நாங்கள் அப்படியே இருட்டில் இருந்து, அது வரும்வரை சொற்களைச் சொல்லிக்கொண்டிருப்போம். அவன் சிரிக்கவும் தொடங்கியிருந்தான்.

தொண்ணூறில் சண்டை வந்து தீவை விட்டு வெளிக்கிட்டபோது அந்தக் கொம்பியூட்டரை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். பிறகு அந்த வீட்டை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் என்னால் இப்போதும் தொட்டுப் பார்க்க முடியும்.

அன்று தம்பி ஊர்காவற்றுறைக்குச் சாமான் வாங்கப் போனவன், மத்தியானத்துக்கு வரவேண்டியவன், பின்னேரமாகியும் வரவில்லை. வழியில் இராணுவச் சோதனை என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டா. பொழுதுபடுகிற நேரம் அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது அம்மாவின் முகம் வெளிறியிருந்தது.

"என்னம்மா செய்யுது?"

"அந்தரமாய்க் கிடக்கு."

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு அம்மாவின் நாடியைப் பிடித்தான். "நெஞ்சு நோகுதோ?" இல்லை. "மூச்சு முட்டுதோ?" இல்லை. "தலை சுத்துதோ?" அதுவும் இல்லை.

"ஒண்டும் இல்லையடா. இருக்கவும் ஏலாது, நிக்கவும் ஏலாது. அந்தரம். அவ்வளவுதான்."

நாடி கடும் வேகமாய் அடித்தது என்றான் என்னிடம். தேத்தண்ணி குடித்து அம்மா கொஞ்சம் தெளிந்ததும் அவன் முன்னறைக்குப் போய் இயந்திரத்தைப் போட்டான். அந்தச் சொல்லை இதய நோய்களுக்குள் வைத்துப் பார்த்தான். எடுத்தான். வயிற்றுக்குள் வைத்தான், மன நோய்க்குள் வைத்தான். எங்கேயும் அது பொருந்தவில்லை. அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தா.

"என்ன செய்யிறாய்?"

"நீங்கள் சொன்னதை எங்கை போடுறதெண்டு பாக்கிறன்."

"அதை ஒரு இடத்திலையும் போடாதை. நீ அங்கையிருந்து வந்து சேருமட்டும் எனக்கு இருந்தது அதுதான். நீ இன்னும் வாய் திறக்கிறாய் இல்லை. அதாலை இப்பவும் இருக்குது."

தம்பியின் கை விசைகளின் மேல் அப்படியே நின்றது. பிறகு திரையைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினான்.

"என்னோடை படிச்ச சிங்களப் பெடியன்ரை வீட்டிலை, அரிசி மூட்டையளுக்குப் பின்னாலை இருந்தனான். அவன்ரை அம்மாதான் சாப்பாடு தந்தவ. வெளியிலை சத்தம் கேக்கேக்கை என்ரை நாடியை நானே பிடிச்சுப் பாத்தனான். எண்ண ஏலாமல் இருந்தது. படிச்ச சொல் எல்லாத்தையும் நினைச்சுப் பாத்தன், அம்மா. ஒண்டும் அதுக்குப் பொருந்தேல்லை."

"அதுதான்" என்றா அம்மா. "அதுக்குப் பேர் அந்தரம்."

அவன் அழுதான். அம்மா அவனுடைய தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தா. ரீவியின் வெளிச்சம் இருவரையும் வெள்ளையாக்கியிருந்தது. பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்த நோயின் கீழும் சேராத புது எண் ஒன்றை எடுத்து, அந்தச் சொல்லைத் தனியே அதற்குக் கொடுத்தான்.

அதற்கடுத்த கிழமை தானாகவே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினான். கொழும்புக்கு இல்லை, யாழ்ப்பாணத்தில் படிப்பைத் தொடர. இடம் கிடைத்தது.

முதல் நாள் அவனை பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். வெயில் ஏறாத காலை, கடல் பால்போல அசையாமல் கிடந்தது. அவன் மடியில் தடித்த புத்தகம் ஒன்று. பக்கத்தில் ஓலைக் கடகத்தோடு வந்து இருந்த ஒரு வயதான அம்மா அதை எட்டிப் பார்த்தா.

"தம்பி டொக்டருக்கோ படிக்கிறியள்?"

"ஓம் அம்மா. இன்னும் முடியேல்லை."

"முடியாட்டில் என்ன? யாழ்ப்பாணம் போகுமட்டும் நேரம் இருக்குதுதானே. என்ரை நாரி உழைவைப் பற்றி ஒருக்காக் கேளுங்கோ" என்று இடுப்பைத் தடவிக் காட்டினா.

தம்பி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவவின் பக்கம் திரும்பி இருந்தான். பஸ் புறப்பட்டது. நான் கையசைத்தேன். அவன் கவனிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான்.