அக்கா எடுத்து வைத்த சுடிதார்

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் பீரோவைத் திறந்து போட்டுச் சண்டை பிடித்தீர்கள். பள்ளிக்கூட ஆண்டு மலருக்குப் போட்டோ எடுக்க வருகிறவர், யூனிபார்ம் வேண்டாம், சாதாரணமாக உடுத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். "இதுவாப்பா, அதுவாப்பா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் நான்காம் வகுப்பு. அப்பா போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்தார். அம்மா வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறி ஓட்டினாள். அந்தச் சமயத்தில்தான் என் தாய்மாமா ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. இனி பெண்ணின் போட்டோ போக வேண்டும். அது பிடித்துவிட்டால் தை மாதம் கல்யாணம், படிப்பு அத்தோடு சரி என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். இன்னும் ஒரு வருசப் படிப்பு பாக்கி இருக்கிறதே என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். "படிச்சு என்ன, அங்க போயி கணக்கா எழுதப் போற?" என்று மாமா சிரித்தார்.

எங்கள் பக்கம் பெண் போட்டோ என்றால் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, ஸ்டூடியோவின் பிளாஸ்டிக் பூந்தொட்டி மேல் ஒரு கை. ஆனால் இந்த மாப்பிள்ளை, பட்டெல்லாம் வேண்டாம், வீட்டில் இருக்கிற மாதிரி சாதாரணமாக ஒரு போட்டோ போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. பீரோவில் இருந்ததெல்லாம் கட்டிலுக்கு வந்தது. பார்ப்பதற்குச் சாதாரணமாகவும் இருக்க வேண்டும், நம்மைச் சாதாரணமாக எடைபோட்டுவிடவும் கூடாது. அப்படி ஒரு துணியை எங்கே தேடுவது?

அக்கா அடியில் கையை விட்டு, வெளுத்துப்போன சாம்பல் நிறச் சுடிதார் ஒன்றை உருவினாள்.

"ஏம்புள்ள, இதையா? தறி தொடைக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"ஊட்டுல இருக்கற மாதிரிதான கேட்டாங்க? ஊட்டுல இதத்தான போட்டிருக்கறேன்."

"இடுப்புகிட்ட மைக்கறை இருக்குது."

"துப்பட்டாவுல மறஞ்சுக்கும்மா."

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் முன்னறையில் நூல் அறுந்து தறிச் சத்தம் மாறியது. ஓடிவிட்டாள். துணைக்கு என்னை அனுப்பினாள்.

கிளம்பும் முன் அக்கா நெற்றியில் வழிகிற அளவுக்கு எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரிக்கொண்டாள். தெருமுனையில் என் கையைப் பிடித்தாள். "ஸ்டூடியோவுல நீ வாயே தொறக்கக் கூடாது. தெரிஞ்சுதா சாமி?"

போட்டோக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க அம்முணி, இது மாப்பிள்ளை ஊட்டுக்குங்களா, ரேசன் கார்டுக்குங்களா?"

"எடுங்கண்ணா. நேரமாச்சு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தெருவிலேயே அழகு என் அக்காதான் என்று நினைத்திருந்தவன் நான். துப்பட்டா வேறு ஒரு பக்கமாகச் சரிந்து, மைக்கறை நன்றாகத் தெரிந்தது. சரிசெய்யச் சொல்லிச் சைகை காட்டினேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்று என்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

"அரை மணி ஆகுமுங்க. அதுக்குள்ள போயி நல்லதா மாத்திக்கிட்டு வாங்களேன்."

"வேண்டாங்கண்ணா. இங்கயே இருக்கறேன்."

நான் மெல்ல நழுவி வீட்டுக்கு ஓடினேன். தறிகள் நின்றதில் தெருவே கப்சிப்பென்று கிடந்தது. அம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, போட்டோக்காரரு அக்காவப் பாத்து ரேசன் கார்டுக்கான்னு கேக்கறாரும்மா!"

அம்மா சடாரென்று எழுந்தாள். தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்துச் சுடிதாரையும் ஒரு முழம் கனகாம்பரத்தையும் பையில் போட்டாள். "அம்மா போடச் சொன்னாங்கன்னு சொல்லு. இல்லீனா தறியப் போட்டது போட்டபடி நானே வாரேன்னு சொல்லு." என் கன்னத்தைக் கிள்ளி, "நீ ஒருத்தன்தான்டா வெவரம்" என்றாள். பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி ஓடினேன்.

அக்கா பையைத் திறந்து பார்த்தாள். "உன்னைய யாரு கேட்டா?" என்றாள். அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. "அட, தம்பிக்கு இருக்கற வெவரம் அம்முணிக்கு இல்லீங்களே" என்று போட்டோக்காரர் சிரித்தார்.

திரைக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வரவில்லை. போட்டோக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சித்த சிரிங்க அம்முணி." அவள் சிரிக்கவில்லை. "மொகத்த இப்புடி வெச்சா எப்புடிங்க?" அப்போதும் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு வித்தை தெரியும். மாமா தன் மொபட்டை வேகத்தடையில் ஏற்றும்போது அவருடைய தொப்பையும் கன்னமும் தனித்தனியாகக் குலுங்குவதைச் செய்து காட்டினால் அக்காவால் அடக்கவே முடியாது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று செய்தேன். அவள் வேண்டாம் என்பது போல் தலையசைத்தாள். உதட்டைக் கடித்தாள். நான் விடவில்லை, இன்னொரு தடவை குலுங்கினேன். சிரித்துவிட்டாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

"இதுதானுங்க போட்டோ!" என்றார்.

திரும்பும்போது, "எம்மேல கோவமாக்கா?" என்று கேட்டேன். "உம்மேல என்ன சாமி கோவம்" என்றாள். ஆனால் வழக்கம் போல் என் கையைப் பிடிக்கவில்லை.

பெண்ணின் சிரிப்பு பிடித்திருக்கிறது என்று பத்தே நாளில் தகவல் வந்தது. தையில் கல்யாணம் நடந்தது. உங்கள் பெங்களூர் மாமா நல்ல மனிதர். அத்தைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. லீவுக்குப் போனால் முதலில் கணக்கு நோட்டைக் கேட்கிறாள் என்று நீங்கள்தான் அலுத்துக்கொள்கிறீர்கள்.

அழகாகத் தெரிந்துவிடக் கூடாது என்று ஒருத்தி அவ்வளவு கவனமாக உடுத்திக்கொள்வாள் என்பது அன்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. பத்தாவது முடித்ததும் என்னையும் கேட்காமல் அப்பாவோடு போர்வெல் லாரியில் வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த லாரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஸ்டூடியோ ஞாபகம் வந்தது.

கல்யாணம் முடிந்த மறுவாரம், சாம்பல் நிறச் சுடிதார் தறிக்குப் பக்கத்தில் கிடந்தது. அம்மா எண்ணெய் துடைக்க எடுத்துப் போட்டிருந்தாள். அவள் சந்தைக்குப் போனதும் அதைக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பார் சோப்பு போட்டு, கை வலிக்கும் வரை கசக்கினேன். எண்ணெய் போயிற்று. மைக்கறை போகவில்லை. காய்ந்ததும், அக்கா மடிக்கிற மாதிரியே நான்காக மடித்து, பீரோவில் அவளுடைய தட்டில் வைத்து மூடினேன்.