மெட்ராஸில் இருந்த மாப்பிள்ளை

என் சித்தப்பா பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவர். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பாயில் உட்காருவதற்குள் அப்பா இதைச் சொல்லிவிடுவார். சுவரில் சித்தப்பா கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு நிற்கிற படம் மாட்டியிருந்தது. அங்கியும் காகிதமும் ஸ்டூடியோக்காரருடையவை. படிப்பு மட்டும் சித்தப்பாவுடையது.

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு அவர்தான் முதல் பட்டதாரி. அப்பா ஆறாவதோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டதால்தான் தம்பி கல்லூரிக்குப் போக முடிந்தது. அதை அப்பா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததாலேயே சித்தப்பாவால் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாமல் போனது.

அந்தப் பட்டதாரி பார்த்த வேலை மைக்செட் போடுவது. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா எதுவானாலும் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, வயரை இழுத்து, "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்ப்பார். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், மலை சுற்ற வருகிற பௌர்ணமிக் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, வழி நெடுகக் குழாய் கட்டியிருப்பார்கள். கூட்டத்தில் தவறிப்போகிற குழந்தைகளையும் பெரியவர்களையும் பற்றி அந்தக் கொட்டகையிலிருந்துதான் அறிவிப்பார்கள். அதையெல்லாம் சித்தப்பாதான் கவனித்தார்.

இதனால் அவருக்கு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இரண்டாவது இடத்தில் பெண்ணின் மாமா சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா படிச்சு இன்னா, மரம் ஏறவா?" என்று கேட்டார்.

மூன்றாவதாகப் போளூர்ப் பக்கத்தில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா தாலுகா ஆபீசில் இருந்தார். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று அவர் கேட்டதும் அப்பா கொஞ்சம்கூட யோசிக்காமல், "மெட்ராஸ்ல கம்பெனிங்க, சூப்பர்வைசர்" என்றார். சித்தப்பா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணும் சித்தப்பாவும் அன்று பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் பிடித்துப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா, "அண்ணா, இருக்கிறதைச் சொல்லிடலாம்ணா" என்றார்.

"தாலி ஏறட்டும். அப்புறம் பொறுமையா சொல்லிக்கலாம்."

அம்மாதான் விடவில்லை. "கம்பெனி மெட்ராஸ்ல எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"கிண்டி."

"கிண்டில எங்க?"

"கிண்டிலதான்" என்றார் அப்பா. கிண்டிக்கு உள்ளேயும் தெருக்கள் இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டோம். போளூர்க்காரர்களும் கிரிவலம் வருவார்கள். மலையைச் சுற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

அடுத்த பௌர்ணமிக்கு வருவதாகப் பெண் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சேர்ந்து மலை சுற்றிவிட்டு, டவுனில் சாப்பிட்டுக்கொண்டே நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசலாம் என்றார்களாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அப்பா பதில் சொல்லி அனுப்பினார். சித்தப்பாவிடம், "அன்னிக்கு நீ கொட்டகையை விட்டு வெளியே வராத. மைக்கையும் தொடாத. வேற யாராவது பேசட்டும்" என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

பௌர்ணமி அன்று மத்தியானமே நாங்கள் டவுனுக்குப் போய்க் காத்திருந்தோம். பெண்ணும் அவளுடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். கூடவே பெண்ணின் அக்கா மகனும் வந்திருந்தான். நாலைந்து வயதுக் குழந்தை. பெண் பார்க்கப் போன அன்று சித்தப்பாவின் காலையே சுற்றிக்கொண்டிருந்தவன். ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு, செருப்பில்லாமல் நடக்கத் தொடங்கினோம். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன கேட்டாலும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு எப்போதும் கூச்சம் அதிகம். அன்று வாயைத் திறந்தால் கிண்டி வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

ஒவ்வொரு குழாயாகக் கடக்கும்போது அப்பாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். வேறு யாருடைய குரலோ கேட்கும். அப்பா மூச்சை விடுவார். எங்கள் ஊர் நெருங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கொட்டகைக் குழாயிலும் வேறொருவர்தான், பாதையை அடைக்காமல் ஓரமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

அதற்குள் குழந்தையைக் காணவில்லை.

பாட்டியின் கையைப் பிடித்துத்தான் நடந்துகொண்டிருந்தான். காலில் ஏதோ குத்தியது என்று அவர் குனிந்து பார்த்து நிமிர்ந்தபோது பக்கத்தில் இல்லை. சுற்றிலும் வேட்டிகளும் சேலைகளும் ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தன. பெண்ணின் அம்மா பாதை ஓரத்தில் உட்கார்ந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா பேரனின் பெயரைக் கத்திக்கொண்டு, வருகிற கூட்டத்தை எதிர்த்துப் பின்பக்கமாக ஓடினார். மலை சுற்றுகிற வழியில் எதிர்த்திசையில் யாரும் நடக்க மாட்டார்கள். எல்லாரும் அவர்மேல் இடித்தார்கள். "எங்க சார் எதிர்ல வர்றீங்க?" என்று திட்டுகிற சத்தமும் கேட்டது. அப்பா அவர் பின்னாலேயே ஓடினார்.

கொட்டகையில் போய்ச் சொன்னால் போதும், ஒரு நிமிஷத்தில் அறிவிப்பார்கள். அது எனக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அம்மா கொட்டகைப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று எழுந்திருக்கப் போனார். பெண்ணின் அம்மா கையை விடவில்லை.

அப்போதுதான் குழாய் கரகரத்தது. "நீலச் சட்டை, காக்கி டவுசர் போட்ட ஆண் குழந்தை இங்க பத்திரமா இருக்கு. போளூர்லருந்து வந்தவங்க கோயிலண்ட இருக்கிற கொட்டகைக்கு வாங்க."

குரலைக் கட்டையாக்கி, கூத்தில் ராஜா பேசுகிற மாதிரி பேசிப் பார்த்தது சித்தப்பாதான். அறிவிக்கிறவர் சாப்பிடப் போயிருந்த நேரம். அழுதுகொண்டு வந்த குழந்தையைச் சித்தப்பாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்புறம் எப்படிப் பேசாமல் இருப்பார்?

பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "பாப்பா, அந்தக் கொட்டகை எங்கன்னு தெரியுமா?"

அம்மா என்னையே பார்த்தார். தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது புரிந்தது. ஆனால் என் தலை, அன்று முழுக்க ஆட்டியது போலவே, தானாக ஆடிவிட்டது. காலில் குத்திக்கொண்ட தன் அம்மாவை என் அம்மாவோடு விட்டுவிட்டு, பெண் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கொட்டகையில் ஆம்ப்ளிபையர் வைத்திருந்த மேசைமேல் குழந்தை உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். "சித்தி" என்று அவன் கையை நீட்ட, பெண் ஓடிப் போய்த் தூக்கிக்கொண்டாள். தூக்கிய பிறகுதான் மேசைக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். தோளில் வயர்ச் சுருளும் சட்டையில் அழுக்குமாகச் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

பின்னால் ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து அன்னதானப் பந்தலில் வேறொரு குழாய் பக்திப் பாட்டை அலறிக்கொண்டிருந்தது. சித்தப்பா வெளியே பாதையை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மேசையில் இருந்த மைக்கை ஓரமாக நகர்த்தினார்.

"உட்காருங்க" என்றார் பெண்ணிடம். அவள் உட்காரவில்லை.

"நான் மெட்ராஸ்ல இல்லீங்க. எந்தக் கம்பெனிலயும் இல்ல. பி.எஸ்சி. படிச்சது நிஜம். முடிச்சதும் எல்லாப் பரீட்சையும் எழுதினேன், எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சேன். ஒண்ணும் வரல. சும்மா இருக்கோமேன்னு ஒரு காதுகுத்துக்கு மைக்செட்டுக்கார்கூடப் போனேன். அன்னிக்கு ரிப்பேரான ஆம்ப்ளிபையரைப் பிரிச்சு உட்கார்ந்தவன்தான். எனக்கு இது புடிச்சுப்போச்சு."

ஆம்ப்ளிபையரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. மைக் வேலை செய்தால் அது எரியும். அது எரிந்துகொண்டிருந்தது.

சித்தப்பா பேசுவதெல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பெண்ணுக்கு அது தெரியவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில் எந்தக் குழாய் என்ன பேசுகிறது என்று உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியாது. நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். விளக்கைக் காட்டினேன். அவர் என் விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். பேச்சை நிறுத்தவில்லை.

"வேற வேலை கிடைக்கிற வரைக்கும் செய்றதா நினைக்காதீங்க. இதான் என் வேலை. எங்கண்ணன் மேல தப்பில்லீங்க. படிக்க வெச்ச தம்பிக்கு நல்ல இடம் அமையணும்னு சொல்லிட்டாரு. ஆனா உங்களுக்கும் உங்க வீட்டுக்கும் இது தெரியணும். தெரிஞ்சுகிட்டு வேணும்னு சொல்லுங்க, வேணாம்னு சொல்லுங்க."

பெண் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சித்தப்பாவின் கை மைக்குக்குப் போனது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"இதை எங்கப்பாகிட்ட யாருங்க சொல்றது?" என்றாள் அவள்.

வெளியே நடந்ததை அம்மா பிறகு சொன்னார். நடந்துகொண்டிருந்தவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டே நடை தளர்ந்தார்களாம். "மைக் ஆன்ல இருக்குது, யாராவது போய்ச் சொல்லுங்கப்பா, பாவம்" என்று ஒருவர் பதறினாராம். சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர், "நான் பி.ஏ. ஹிஸ்டரி. என்னை யாருமே கேக்கல" என்றாராம். குழந்தை கிடைத்த அறிவிப்பைக் கேட்டுத் திரும்பி வந்த பெண்ணின் அப்பாவும் என் அப்பாவும் பாதையின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, புளியமரத்தில் கட்டியிருந்த குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம்.

இருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தடவிப் பார்த்தார்.

"பி.எஸ்சி.யாவது பாஸா?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"பாஸ்ங்க. செகண்ட் கிளாஸ்."

"வாம்மா போலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

போனால் போகட்டும் என்று அவரவர் வழியில் பிரிந்து போகவும் முடியவில்லை. மலையைச் சுற்றத் தொடங்கியவர்கள் பாதியில் திரும்பக் கூடாது. இன்னும் பாதி மலை இருந்தது. அவர்கள் முன்னால் நடந்தார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடந்தோம். கூட்டம் நெருக்கும்போது அவர்களோடு இடித்துக்கொண்டு நின்றோம். விலகியதும் மறுபடி தள்ளி நடந்தோம். வழியில் ஒவ்வொரு லிங்கக் கோயிலிலும் இரண்டு வீட்டாரும் ஒரே தட்டில் விபூதி எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். அப்பாவுக்குத் திடீரென்று வயதாகிவிட்டது போலிருந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. முன்னால் பெண் தன் அப்பாவிடம் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

குபேர லிங்கத்தைத் தாண்டியதும் பெண்ணின் அப்பா நடையைத் தளர்த்தி, என் அப்பா பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார்.

"நான் படிச்சது ஜூவாலஜி" என்றார், நேராகப் பார்த்து நடந்தபடியே. "ஆபீஸ்ல பட்டா எழுதுறேன்."

"ஆமாங்க" என்றார் அப்பா.

டவுன் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது அவரே சொன்னார். "மாப்பிள்ளையே கல்யாணத்துக்கு மைக்செட் போட முடியாது. வேற ஆளைப் பார்த்துக்குங்க."

அப்பா பாதை நடுவில் நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கே ஏதோ சந்நிதி இருப்பதாக நினைத்து, பின்னால் வந்தவர்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடி கழிந்ததும் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் எனக்குச் சித்தியானார். அதன் பிறகு பல காலம் அப்பா உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். "பிசிக்ஸ் படிச்சிருக்கான், மைக்கை நிறுத்தணும்னு தெரியல பாரு." சித்தப்பா எதிரில் உட்கார்ந்து, தப்புச் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நான் விளக்கைக் காட்டியும் அவருக்குப் புரியவில்லையே, விளையாட்டுக்குக் கை நீட்டுகிறேன் என்றல்லவா விரலைப் பிடித்துக்கொண்டார் என்று நினைப்பேன். சித்தி பேச வாயைத் திறந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்து மைக்கை நிறுத்தினாரே, அந்த மட்டுக்கும் நல்லவேளை என்று நினைத்துக்கொள்வேன்.