மலர் அக்காவின் மிளகாய் நெடிக்கு மூன்று ஓட்டை

புகைக்கு வழி வைக்கிறவனுக்குச் சுவரைத் துளைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, காற்று யாருடைய வேலிக்கு மேலால் போகும் என்றும் தெரியவேண்டும். நான் இரவில் அரிசி ஆலைக் காவல்காரன். நித்திரை வராத தலையோடு கைபேசியில் வீடியோ பார்த்துப் பழகி, பகலில் அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சுகிற ஹூட் பூட்டுகிறேன். ஓட்டையைப் போட்டுவிட்டு, 'இடம் பிழைத்துப்போச்சோ' என்று வியர்த்து நின்றவர்களுக்கு இது விளங்கும்.

சீலிங்குக்குள்

பரந்தனில் மலர் அக்கா கறித்தூள் வறுத்து விற்கிறா. மிளகாய் சட்டியில் விழுகிற நாளெல்லாம், முந்தி ரோட்டு வேலை மேற்பார்த்து, இப்போது பக்கத்து வீட்டில் தனியே இருக்கிற ஓவசியர் ஐயா இருமிக் களைத்துப்போவார். இந்த மாதத்துக்குள் நெடி நிற்காவிட்டால் சுகாதாரப் பரிசோதகரிடம் போவேன் என்று சொல்லியும்விட்டார். தூள் நின்றால் அக்காவின் உலையும் நிற்கும். ஹூட் பூட்ட என்னைக் கூப்பிட்டா.

எனக்குச் சோம்பல். ஹூட்டின் புகைப் பைப்பை வெளியே கொண்டுபோகாமல் சீலிங்குக்குள்ளேயே விட்டுவிட்டேன். அடுப்பிருந்த குசினி பளிச்சென்று இருந்தது. அரை மணித்தியாலத்தில் சீலிங் வெடிப்புகளால் எல்லா அறைக்கும் நெடி இறங்கியது. அக்கா முற்றத்துக்கு ஓடிவந்து மூக்கைத் துடைத்தபடி சொன்னா: "தம்பி, முந்திக் குசினியில நான்தான் தும்மினனான். இனிச் சாமியறையில சாமியும் தும்மப்போகுது."

சுவருக்கால்

பைப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்பது வீடியோக்காரரின் வேதவாக்கு. அடுப்புக்குப் பின்சுவரில் நேரே ஓட்டை போட்டேன். சுவரை அளந்தேன், பைப்பை அளந்தேன். வேலிக்கு அங்கால் ஐயாவின் சாய்மனைக் கதிரை கிடந்ததைத்தான் அளக்கவில்லை.

முதல் சட்டி மிளகாய்க்கே ஐயா வேலிக்கு வந்துவிட்டார். கண்ணில் நீர், கையில் துவாய். "முந்திக் காத்தடிச்சாத்தான் வரும். இப்ப பைப் போட்டெல்லோ அனுப்புறீர்."

கூரைக்கு மேலால்

மிஞ்சியது கூரைதான். ஓடு கழற்றி, வளைவே இல்லாமல் பைப்பை நேரே முகட்டுக்கு மேல் ஏற்றி, தொப்பி வைத்து, சுற்றிவரத் தகடு பதித்தேன். அன்றிரவு ஆலை வாசலில் நிற்க மழை கொட்டியது. ஒவ்வொரு துளியும் அக்காவின் அடுப்பில் விழுகிறதாகவே எனக்குப் பட்டது. விடிய ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

அக்கா மிளகாய் வறுத்தா. நான் வேலியோரம் நின்று ஐயாவின் இருமலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் வறுபட்டன. அப்போதுதான் ஐயா படலையைத் திறந்துகொண்டு வந்தார். அக்கா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டா. அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மிளகாய் மேலால போறது நல்லது, ஓம். மல்லியை மட்டும் பழையபடி இஞ்சால விடேலாதோ? அந்த மணத்திலதான் மத்தியானம் எனக்கு வெறுஞ்சோறு இறங்கிறது."

அடைக்காமல் கிடந்த சுவர் ஓட்டைக்கு, மிளகாய்க்குச் சாத்தவும், மல்லிக்கு ஹூட்டை நிறுத்திவிட்டுத் திறக்கவும் ஒரு மூடி பூட்டிக் கொடுத்தேன். இவ்வளவு படித்து நான் போட்ட ஓட்டைகளில் ஒரு மனுசர் கேட்டு வாங்கியது, பிழையாகப் போட்டதைத்தான்.