சமுதாயக் கூடத்துக் கம்பி

எங்கள் சமுதாயக் கூடத்துப் படிக்குக் கைப்பிடி வைத்தவர் ஆளே குள்ளமோ, இல்லை கம்பியை மிச்சம் பிடித்தாரோ தெரியவில்லை, அது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். வயசானவர்கள் அதைப் பிடிக்கக் குனிவார்கள். குனிந்தபடியே அவரைத் திட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். ஊரிலேயே அந்தக் கம்பியால் பிரயோசனம் அடைந்த ஒரே ஜீவன் நான்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என்னிடம் ஒரு பி.எம்.எக்ஸ். சைக்கிள் இருந்தது.

சைக்கிள் வந்தது மாமா புண்ணியம். சென்னையில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பையன் வளர்ந்து, ஓட்டாமல் மூலையில் போட்டுவைத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். குட்டை உடம்பு, தடித்த டயர், பாதிதான் பிடிக்கும் பிரேக். இரண்டு சக்கரத்து அச்சிலும் வலது பக்கம் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பெக் என்று பெயர். பின்னால் ஆளை நிற்கவைத்துக் கூட்டிப்போகத்தான் அது என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். ஒரு நாள் தானே அதில் ஏறி நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, 'மாதாவே, மாதாவே' என்று கத்திக்கொண்டே மளிகைக் கடை வரை வந்தாள்.

அது எதற்கென்று நான் அப்பாவின் போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தேன். வேகமாக வந்து, சைக்கிளோடு எகிறி, இரண்டு பெக்கையும் ஒரே நேரத்தில் கம்பி மேல் உட்கார வைக்க வேண்டும். சக்கரம் எதையும் தொடாது. இரும்பும் இரும்பும் உரச, கம்பி மேலேயே வழுக்கிக்கொண்டு போய், அது முடிகிற இடத்தில் குதித்து இறங்க வேண்டும். கிரைண்ட் என்று பெயர். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் குள்ளக் கம்பிதான் வந்து நின்றது.

எங்கள் வீடு கூடத்துக்குப் பின்னால், காலனியில். கூடத்துக்கு முன்னால் பட்டு நெசவுக்காரர்கள் தெரு. அந்தத் தெரு முனையிலிருந்துதான் அப்பா ஐயம்பேட்டைக்கும் வாலாஜாபாத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஏறுகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள். சைக்கிள் வந்த முதல் நாளே அப்பா என்னை நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டார்: "வுழு, எழுந்துரு, அது உன் பாடு. ஆனா உம் பொண்ணு இன்னா பண்ணிச்சி பாருன்னு ஒருத்தர் என்னாண்ட வந்து வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தாங்கன்னு வச்சிக்கோ, அன்னிக்கே அது நம்ம வூட்ல இருக்காது."

அப்பா சொன்னால் சொன்னதுதான். நானும் அம்மாவும் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டோம் என்று கேபிளையே பிடுங்கிப்போட்ட மனுஷர். ஆக, என் எலும்பு போனாலும் பரவாயில்லை, ஊர் வாயில் விழக்கூடாது. இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

முதலில் நடைபாதை விளிம்பில் பழகினேன். பிறகு செங்கல் அடுக்கி, எகிறப் பழகினேன். தப்பினால் பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓர் அடி கொடுக்கும். அந்த வலியை வார்த்தையில் சொல்ல முடியாது, கெட்ட வார்த்தையில் வேண்டுமானால் சொல்லலாம். அம்மா காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "பொட்டப்புள்ளக்கி எதுக்குடி இந்தக் கொரங்கு வேல?" என்பாள். ஆனால் சைக்கிளைத் தூக்கி ஒளித்துவைக்க மாட்டாள். அம்மாவுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசை இருந்தது என்றே நினைக்கிறேன்.

கம்பிதான் பயமாக இருந்தது. கூடத்து வராந்தா நீளமானது. அதன் ஒரு கோடியிலிருந்து மிதித்து வந்தால் மறு கோடியில் படி. படிக்கு வலது ஓரமாகக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் பள்ளம், அதில் கல்யாணச் சமையலுக்குப் போட்ட அடுப்புக் கற்கள், கரி பிடித்துக் கூராக. இடது பக்கம் விழுந்தால் படி, வலது பக்கம் விழுந்தால் கல். எந்தப் பக்கம் விழலாம் என்று யோசித்து யோசித்தே பல காலைகள் போயின. முழு வேகத்தில் வருவேன், கம்பி கிட்டே வந்ததும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிடும். என் கையை நானே ஓங்கி அடித்துக்கொள்வேன். தொடைநடுங்கி, தொடைநடுங்கி என்று வாய்விட்டுத் திட்டிக்கொள்வேன்.

இதற்கிடையில், கூடத்துச் சுற்றுச்சுவரில் திறந்துகிடந்த வழிக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு சனிக்கிழமை விடிந்து பார்த்தால், கேட் வந்து சுவரில் சாய்ந்திருந்தது. இன்று இல்லையென்றால் இனி இல்லை. வெயில் ஏறுமுன் போய்விட்டேன். தெருவை எட்டிப் பார்த்தேன், காலியாக இருந்தது. மாதா படத்துக்குக் கீழே இருந்து எடுத்துவந்த மெழுகுவர்த்தித் துண்டைக் கம்பி நெடுகத் தேய்த்தேன். வழுக்கினால்தான் பெக் ஓடும். தேய்த்துவிட்டு வராந்தாவின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறை மிதித்து வந்து நிறுத்தினேன். மறுபடி உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. தெருவில் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. சுவர் மறைத்தது, நானும் காதில் வாங்கவில்லை.

பட்டுப் பாவு நீட்டுவதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், நீளவாட்டு நூலையெல்லாம் தெருவில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு இடத்தில் நின்று இழை இழையாகச் சரிசெய்வார்கள். அது நீட்டியிருக்கும்போது எங்கள் ஊர் நாய்கூடக் குறுக்கே போகாது. வழக்கமாக அவர்கள் பாவு நீட்டுவது பக்கத்துத் தெருவில். அங்கே சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால், அன்றைக்கு இந்தத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கூடத்து வாசல்வழிக்கு நேர் எதிரே, குறுக்காக, இடுப்பு உயரத்தில், அரக்குச் சிவப்பில் கல்யாணப் புடவைக்கான ஒரு பாவு நீண்டுகொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது தெரியாது.

எழுந்தேன். மிதித்தேன். பிரேக் பிடிக்கும் விரல்களை மடக்கிக் கைப்பிடியோடு இறுக்கிக்கொண்டேன். கம்பி வந்தது. எகிறினேன். டங்கென்று ஒரு சத்தம். இரண்டு பெக்கும் உட்கார்ந்துவிட்டன. அடுப்புக் கற்கள் வலது கண்ணோரமாக ஓடின. கீழே பார்க்காதே, கம்பி முடிகிற இடத்தைப் பார், கீழே பார்க்காதே. கிர்ரென்ற சத்தம் பல்லுக்குள் ஏறியது. உடம்பு முழுக்க நடுங்குகிறது, ஆனால் விழவில்லை. கம்பி முடிந்தது, முன்சக்கரத்தைத் தூக்கினேன், இரண்டு டயரும் தரையில் இறங்கின. அடியம்மா! முடித்துவிட்டேன்! தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, அந்த வேகத்தோடேயே சுவர்த் திறப்பு வழியாகத் தெருவுக்குள் பாய்ந்தேன்.

சிவப்பாக ஏதோ தெரிந்தது. பாதி பிரேக் பாதிதான் பிடித்தது. சைக்கிளை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் எறிந்தேன். முழங்கால் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே போனது.

சைக்கிள் பாவுக்கு அடியில் சரிந்து கிடந்தது. கைப்பிடி ஒன்று மேலே நீட்டிக்கொண்டு, இழைகளைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்திருந்தது. பாவுக்காரர் நூலிடம் ஓடினார். தினமும் அப்பாவின் ஆட்டோவில் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறவர். அவர் மனைவி தரையோடு தரையாகப் படுத்து, கைப்பிடியைக் குழந்தையின் தலையைத் திருப்புவது போல மெல்லத் திருப்பி விடுவித்து, சைக்கிளை வெளியே இழுத்தார். சில இழைகள் அறுந்து தொங்கின. நிறைய இல்லை.

பாவுக்காரர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். "இது அந்தக் காலனிப் பொண்ணுதானே?" என்றார், யாரிடம் என்றில்லாமல், தெருவுக்கே கேட்கும்படி. "இதுங்கள..." என்று தொடங்கினார்.

அதற்குள் என் கன்னத்தில் அறை விழுந்தது.

அப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தெரு முனையில் ஆட்டோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தாமலே ஓடிவந்திருக்கிறார். இன்னொரு அறை. "கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? அண்ணன் வூட்டுக் கல்யாணப் பாவுன்னு தெரியல? உன்னக் கொன்னு போட்டுத்தான் எனக்கு மறுவேல!" என்று கத்தினார். என் அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

மறுபடி கையை ஓங்கியபோது, அந்த அம்மாள் பாய்ந்து வந்து என்னைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "உடுப்பா! பச்சப்புள்ளய இப்படியா அடிப்ப? நீயெல்லாம் மனுசனா? நூல் போனா வரும்பா, புள்ள போனா வருமா?"

பாவுக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "சரி உடுப்பா, உடு. தெரியாம வந்துட்சி. நாலு இழதான், முடிச்சுப் போட்டுக்கலாம்."

எனக்கு அந்த மனுஷர் மேல் கோபமே வரவில்லை. என் கோபமெல்லாம் அப்பா மேல். ஊரார் தடுக்கிறார்கள், பெற்றவர் அடிக்கிறார். இவர் எனக்கு அப்பாவே இல்லை என்று அந்த முந்தானைக்குள்ளேயே முடிவு செய்தேன். 'இதுங்கள' என்று ஆரம்பித்த பேச்சு எங்கே போய் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா அதைக் கடைசி வரைக்கும் கேட்டு வளர்ந்தவர்.

சைக்கிளை ஆட்டோவில் போட்டார். என்னையும் ஏற்றினார். ஐயம்பேட்டைப் பக்கம் திருப்பினார். போச்சு, விற்கப்போகிறார் என்று நினைத்தேன். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்காலைக் கழுவினார்.

"ஒரு மாசம் ஐயம்பேட்ட அத்த வூட்ல இருக்கட்டும் இது. இங்க பேச்சு அடங்கட்டும். ஞாயித்துக்கெழமைல கூட்டிக்கினு வரேன், அங்க ஓட்டிக்கோ" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அந்தக் கம்பி மேல... கடைசி வரைக்கும் வந்துட்டியாம்மா?"

உயிரே போனாலும் இவரிடம் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை நடுங்கிப் பாதித் தண்ணீர் என் செருப்பில் கொட்டியது. என்னை அடித்த கை. வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நன்றாக வலிக்கட்டும் என்றும் நினைத்தேன்.