பழைய சோபாப் பஞ்சு

என் வீட்டுக்காரர் சோபா தைக்கிறவர். கடையில் அவருக்குப் பட்டப்பெயர் 'மெத்தை'. அடித்தாலும் சத்தம் வராத மனுஷன்.

மகள் பிறந்ததும் அவளுக்கென்று ஒரு தலையணை தைத்தார். புதுப் பஞ்சு குழந்தைக்கு உறுத்துமாம். பல பேர் உட்கார்ந்து மசிந்த பழைய சோபாப் பஞ்சுதான் மெத்தென்று இருக்குமாம். தேடித் தேடிச் சேர்த்தார். நானும் மெச்சிக்கொண்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்குப் போகும் வயதில் அவளுக்கு இளைப்பு வந்தது. விடிகிற நேரத்தில் நெஞ்சு விசிலடிக்கும். விலா உள்ளே போய்ப் போய் வரும். அடுத்த மூச்சு வருமா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"தலையணையில என்ன அடைச்சிருக்கீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். இவர் பெருமையாகச் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி இருக்குங்க. நம்ம உடம்புல உதிர்ற தோலைத் தின்னு வாழும். அதோட கழிவுதான் பாப்பாவுக்கு ஒத்துக்கல. பழைய பஞ்சுல அது நிறைய இருக்கும்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை.

தலையணை அன்றே குப்பைக்குப் போனது. மெத்தைக்கு, நெருக்கமாக நெய்த துணியில் ஜிப் வைத்த உறை தைத்தார். வாரா வாரம் விரிப்புகளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் துவைத்தேன். வீட்டுத் தூசியைத் தட்டாமல் ஈரத்துணியால் துடைத்தேன். இளைப்பு குறைந்தது. இவர் பயம் மட்டும் குறையவில்லை. கடையிலேயே குளித்து, சட்டை மாற்றி வந்தாலும் வாசலோரமே உட்காருவார்.

"டாக்டரம்மா தலையணையைத்தானே தூக்கிப் போடச் சொன்னாங்க, உங்களையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நாள் பூரா பழைய பஞ்சுலதானே கிடக்கேன். மறுபடி அவளுக்கு வந்துட்டா?" என்றார். எனக்கும் அதே பயம்தான். அதனால்தான் அவ்வளவு கோபம்.

நேற்று சாயங்காலம் அவர் உள்ளே வந்ததும் மகள் ஓடினாள். சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்வாங்கினார்.

"அப்பா, என்னைக் கண்டா பயமா?"

அவருக்குப் பொய் வராது. "ஆமாம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் மூச்சு விடாம இருக்கேன். சீக்கிரம் தூக்குங்க."

மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பி நின்றாள். முகம் சிவக்க ஆரம்பித்தது.

"தூக்கித் தொலைங்களேன்" என்றேன்.

தூக்கினார். அவள் விரலை மூக்கிலிருந்து பிரித்தபடி, "மூச்சு விடுடா கண்ணு, விடு" என்று கெஞ்சினார்.