பேரைப் பதியவேணும்

நேற்றுக் காலையிலிருந்து மருமகளின் கைப்பேசி ஓயவில்லை. பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வருட முடிவுச் செய்திகள். படம், நட்சத்திரம், சிரிக்கிற மூஞ்சி என்று வந்துகொண்டே இருக்கின்றன. பையன் இரண்டாம் வகுப்பு. 'உங்கள் பிள்ளை தன் உணர்வுகளை நல்ல முறையில் வெளிப்படுத்தப் பழகி வருகிறார்' என்று அதில் ஒரு செய்தி. பழகி வருகிறாராம். முந்தாநாள் இந்தத் துரை தன் உணர்வுகளை பீட்ரூட் கறியோடு சேர்த்துச் சுவரில் வெளிப்படுத்தினார். துடைத்தவள் நான்.

"அத்த, கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதத் தொட்டாத்தான் நாம வாசிச்சோம்னு அவங்களுக்குத் தெரியும். இல்லாட்டி விடாம அனுப்பிக்கிட்டே இருப்பாங்க" என்று மருமகள் அடுப்படியிலிருந்து சொன்னாள். தொட்டேன். உடனே 'குடும்பத்தினருக்கு நன்றி' என்று இன்னொன்று வந்தது. அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. போங்கடா என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் பையனுடைய கம்பளிச் சட்டையைக் காயப் போட்டிருந்தாள். நுவரெலியாவில் மார்கழி மாதம் எது காய்கிறது? நனைந்த கம்பளிக்கு ஒரு வாசம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதி ஆடு, பாதி புகை. அது மூக்கில் ஏறியதுமே நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் போய் நின்றுவிட்டேன்.

பெரட்டுக்களம் என்பது தோட்டத்து ஆட்கள் விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்கிற இடம். தப்புச் சத்தம் கேட்டதும் லயத்தை, அதாவது எங்கள் வரிசை வீடுகளை, விட்டு ஓடி வர வேண்டும். யார் எந்த மலைக்குப் போவது, யார் கொழுந்து பறிப்பது, யார் செடியைக் கவ்வாத்து வெட்டுவது என்று அங்கேதான் பிரித்து அனுப்புவார்கள். எல்லார் தலையிலும் கம்பளி. எல்லாக் கம்பளியும் ஈரம். நான் சொல்வது நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் கழித்து. எங்களுக்கு வந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள், அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கு முடியாது.

எங்கள் பள்ளிக்கூடம் நானுஓயாவிலிருந்து ஏறி வருகிற பாதையில், பிள்ளைக்காம்பராவுக்கு ஒட்டினாற்போல ஒரே அறை. கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தாய்மார் கொழுந்துக்குப் போவார்கள். அந்தப் பக்கம் குழந்தைகள் கத்தும். இந்தப் பக்கம் ஐந்து வகுப்பும் ஒன்றாகச் சேர்ந்து கத்துவோம். எல்லாவற்றுக்கும் வாத்தியார் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டி, கையில் எந்நேரமும் குடை. நல்ல மனிதர். இந்தக் கதையில் எல்லாருமே நல்ல மனிதர்கள். எனக்கு அதுதான் எரிச்சல்.

அவர் வந்த முதல் வருடம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கூட்டம் வைத்தார். எப்போது வைத்தார் தெரியுமா? கொழுந்து நாளில், பட்டப்பகலில். யார் வருவார்கள்? ஒரே ஒருவர் வந்தார். அவரும் மருந்து கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர். வாத்தியார் இருட்டும் வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். "உங்கடை தாய் தேப்பனுக்கு ஒரு அக்கறையும் இல்லை" என்றார். வராதது அவர்கள், வசவு எங்களுக்கு.

அடுத்த வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் வராவிட்டால் நான் போகிறேன் என்று, கண்டாக்கையாவிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பெரட்டுக்களத்தில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினார். கண்டாக்கையாதான் மலை வேலைக்கெல்லாம் மேலே நிற்பவர். கழுத்தில் விசில் தொங்கும். "சுருக்கா முடிச்சிருங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் என் தங்கச்சி பாக்கியமும் ஒரே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு நின்றோம். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள், நாலாம் வகுப்பு. ஆனால் என்னைவிட உயரம், அதனால் கம்பளி எப்போதும் அவள் பக்கம்தான் போகும்.

வாத்தியார் ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கினார். ஐந்தாம் வகுப்பில் மொத்தமே மூன்று பேர். முதல் இரண்டு பையன்களுக்கும் 'குழப்படி, படிப்பில்லை' என்று முடித்துவிட்டார். அவர்களுடைய தாய்மார் அங்கேயே, வரிசை கலையாமல், தொடையில் கிள்ளினார்கள். மூன்றாவது நான்.

"இந்தப் பிள்ளை வலு கெட்டிக்காரி. கணக்கிலையும் முதல், தமிழிலையும் முதல். தை மாசம் இவளின்ரை பேரைக் கட்டாயம் பதியவேணும். தேப்பன் நேரை போய் நிண்டு பதியவேணும். பிந்தினால் இடம் கிடையாது."

அப்பா தலையில் இருந்த கம்பளியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "ஆகட்டுங்க ஐயா" என்றார். வாத்தியார் அதோடு விட்டாரா? பெண் பிள்ளைகளின் படிப்பு, என் மூளை, என் கையெழுத்து என்று பேசிக்கொண்டே போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது எங்கள் தோட்டத்துப் பேச்சு ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேர் என்றால் எங்களுக்கு வேலை. முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 'இன்னைக்குப் பேரா, அரைப்பேரா' என்றுதான் சாயங்காலம் லயத்தில் விசாரிப்பார்கள். பேர் பதிவது என்றால் தோட்டத்து ஆபீசில் நிரந்தர ஆளாகச் சேர்வது. அது லேசில் நடக்காது. பேர் பதியாமல் எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்து நின்றார்கள், தோட்டத்தை நடத்துகிற துரை புது ஆள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

வாத்தியார் சொன்னது ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற நுவரெலியாப் பெரிய பள்ளிக்கூடத்தை. வகுப்பில் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டது தோட்டத்து ஆபீசை. எங்கே பதிவது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அவருக்குப் பேர் பதிகிற இடம் ஒன்றுதான். இவருக்கும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் லயத்தில் ஒரே கொண்டாட்டம். "வாத்தியாரு தொரைக்கிட்டப் பேசி வச்சிருக்காரு. இல்லாட்டி பிந்துனா எடம் இல்லன்னு எப்புடிச் சொல்லுவாரு?" என்று அப்பா பக்கத்துக் காம்பராவுக்கெல்லாம் விளக்கினார்.

"அது பள்ளிக்கூடத்துல பேர் பதியுறதுப்பா" என்றேன்.

"பள்ளிக்கூடத்துலதான் ஒன் பேரு அஞ்சு வருசமா இருக்கே. அதப் போயி இன்னொருக்கா எதுக்குப் பதியணும்?"

இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லுங்களேன். நான் அழுது பார்த்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "அவரு சொன்னது களம் பூராவுக்கும் கேட்டுச்சு. ஒனக்கு மட்டும் வேற மாதிரி கேட்டுச்சாக்கும்" என்றாள்.

சரி, வாத்தியார் வாயாலேயே உண்மை வரட்டும் என்று இருந்தேன். நன்றி சொல்ல அப்பா ஒரு கோழியையும் கொல்லையில் விளைந்த இரண்டு முட்டைக்கோவாவையும் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனபோது நானும் கூடவே போனேன். வாத்தியார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் நானுஓயாவில் ரயில் ஏறி ஊருக்குப் போகிற அவசரம். அங்கே நடந்த பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"பதிவீங்கள்தானே?" என்றார் வாத்தியார்.

"நாளைக்கே பதிஞ்சிர்றேங்க."

"நாளைக்கோ? இப்ப பூட்டியிருப்பினமே."

"இல்லீங்க, தொறந்துதாங்க இருக்கு."

"அப்பிடியெண்டால் நல்லதாப் போச்சு."

நான் "ஐயா" என்று வாயைத் திறந்தேன். "பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை வரப்படாது" என்றார் வாத்தியார். "ஐயா சொல்றாருல்ல, சும்மா இரு புள்ள" என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் கும்பிட்டார்கள். கோவா இரண்டும் யாழ்ப்பாணம் போயின. கோழி என்ன ஆனது என்று தெரியாது.

மறுநாள் ஆபீசில் கிளாக்கரையா என்னை எழுந்து நின்று பார்த்தார். பிறந்த தேதியா யாருக்குத் தெரியும்? "கொழுந்துக் கூட தரையில இடிக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டார். அதிசயமாக, துரையும் ஒரு ஆள் கூடட்டும் என்று ஒத்துக்கொண்டிருந்தார். வாத்தியாருடைய சிபாரிசுதான் காரணம் என்று அப்பாவுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. நான் அழுததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. முதல் நாள் எல்லாரும் அழுவார்களாம்.

அந்த லீவு முழுக்க எனக்கு அரைப்பேர்தான். விரலெல்லாம் வெட்டு, காலெல்லாம் அட்டை. பேர் பதியாத பாக்கியம் லயத்தில் உட்கார்ந்து என் சிலேட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து வாத்தியார் வந்தார். நுவரெலியாவில் விசாரித்திருக்கிறார், என் பேர் இல்லை. கோபத்தோடு குடையை ஊன்றிக்கொண்டு லயத்துக்கே ஏறி வந்துவிட்டார்.

"ஏன் இன்னும் பதியேல்லை?"

"அப்பயே பதிஞ்சாச்சுங்களே" என்றார் அப்பா, சந்தோசமாக.

"எங்கை?"

"ஆபீசுலங்க."

வாத்தியார் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் சேறு. "நான் பள்ளிக்கூடத்தையல்லோ சொன்னனான்" என்றார். அப்பா மெதுவாக, "அதையும் பேர் பதியுறதுன்னுதான் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு அப்போது இரண்டு பேர் மேலும் வந்த ஆத்திரத்தை எழுதினால் உங்கள் கண் கூசும்.

மறுநாள் விடிந்ததும் அப்பா என்னையும் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அவளை எதற்குக் கூட்டி வருகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

"மூத்தவ பேர வெட்டிருங்க ஐயா. படிக்கப் போறா."

"வெட்டுனா வெட்டுனதுதான். தொரை ஒரு எடம் குடுத்ததே பெருசு. விட்டா இனிமேக் கெடைக்காது" என்றார் கிளாக்கரையா.

"எடத்த விடலைங்க. ஆளத்தான் மாத்திக்கிறேன். சின்னவ இருக்காள்ல."

கிளாக்கரையா பாக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இவ அவள விட ஒசரமாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். என் பேரை அடித்து அவள் பேரை எழுதி முடிக்க ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை.

பாக்கியம் அழவில்லை. வீட்டுக்கு வந்து என் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தாள். "இந்தக் கயித்த ஏன்க்கா இப்புடி முடிஞ்சு வச்சிருக்க?" என்றாள். பிறகு அவளே அவிழ்த்துத் தன் உயரத்துக்கு முடிந்துகொண்டாள்.

நான் நுவரெலியாவுக்குப் போனேன். வாத்தியார் யார் காலில் விழுந்தாரோ, பிந்தியும் இடம் கிடைத்தது. படித்தேன், நானும் வாத்தியாரம்மா ஆனேன். எத்தனையோ வருட முடிவில் எத்தனையோ தாய் தகப்பனிடம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு, எந்த வாசல் என்று கூறு போட்டுச் சொல்வேன். 'இந்தம்மா ஏன் இப்புடி அறுக்குது' என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அப்பாமேல் கோபப்பட முடியவில்லை. அவர் இரண்டு பெண்களுக்கும் ஒரு வழி செய்தார். வாத்தியார்மேலும் முடியவில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் இத்தனை வயதிலும் நான் பீட்ரூட் கறிமேல் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெரட்டுக்களத்தில் காய்கறி லொறி நிறுத்துகிறார்கள். பள்ளிக்கூட அறையும் இல்லை, பிள்ளைக்காம்பராவும் இல்லை. தப்பு அடிப்பதை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வாத்தியார் ஊரோடு போய் அங்கேயே முடிந்துபோனார். அப்பா, அம்மா, கிளாக்கரையா, ஒருவரும் இல்லை. போன மாரியில் பாக்கியமும் போய்விட்டாள். கூடைக் கயிறு இழுத்த இடத்தில் உச்சி மயிர் கடைசி வரை முளைக்கவில்லை.

அவள் படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். என்னவோ தோன்றி, "அன்னைக்குக் களத்துல ஒன்னையப் பத்தி வாத்தியாரு என்ன சொன்னாரு பாக்கியம்? எனக்கு நெனவே இல்ல" என்று கேட்டேன்.

"என்னையப் பத்தியா?" என்று சிரித்தாள். "அவரு ஒன்னையப் பத்தியேல்ல பேசிக்கிட்டு நின்னாரு. நாலாம் வகுப்புக்கு வர்றதுக்குள்ள கண்டாக்கையா விசில் ஊதிட்டாரு. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போனாத் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்க்கா."